மூன்றாம் பட்டன்

பிப்ரவரி 6, செவ்வாய்

எழுதிப் பழகிக்கொள்ளுங்கள் என்றார் கோயம்புத்தூர் டாக்டர். அதனால் எழுதுகிறேன். டீலர் கூட்டத்தில் கொடுத்த டைரி இது. ஜனவரி முழுக்கக் காலியாகக் கிடக்கிறது. எழுத அப்போது ஒன்றும் இல்லை.

விஷயம் இதுதான். குரல்வளையில் கட்டி. சதை எடுத்துப் பார்த்ததில் கெட்ட கட்டி என்று வந்துவிட்டது. ரேடியேஷன் கரண்ட் வைத்துக் கரைக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டதாம். குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும். கழுத்தில் ஒரு துளை போடுவார்கள், மூச்சு அது வழியாக. உயிருக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது, குரலுக்கு இல்லை. பின்னால் கருவி வைத்துப் பேசலாம், ஆனால் அது உங்கள் குரலாக இருக்காது என்றார்.

"எப்பொ வெச்சுக்கலாங்க?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்த வாரமே என்றார். மாசியும் பங்குனியும் எங்களுக்கு சீசன். கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்கத்தான் மோட்டார் விற்கும். பெண்ணுக்குப் பிரசவம் வேறு. பேரம் பேசினேன். மார்ச் 6 என்று முடிந்தது. அதற்கு மேல் ஒரு நாள் தள்ளினாலும் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்.

வரும் வழியில் கிணத்துக்கடவில் நிறுத்தி டீ குடித்தேன். குழாய் விட்டுப் பார்ப்பதற்காக மருந்து அடித்திருந்தார்கள், தொண்டை மரத்துக் கிடந்தது. டீ சூடாக இருந்ததா ஆறிப்போயிருந்ததா என்று தெரியவில்லை. "டீ பரவால்லீங்களா?" என்று டிரைவர் கேட்டான். நன்றாக இருக்கிறது என்றேன்.

பிப்ரவரி 7, புதன்

வசந்தாமணியிடம் சொல்லவில்லை. அவள் ஓசூரில் பெண் வீட்டில் இருக்கிறாள். சுகன்யாவுக்கு இது இரண்டாவது. இப்போது எதற்கு.

பிப்ரவரி 9, வெள்ளி

ஆபீசில் புது போன் சிஸ்டம் மாட்டி முடித்தார்கள்.

நான் தொழில் தொடங்கியபோது ஒரு சைக்கிளும் ஸ்பானர் பையும்தான். பிறகு வாடகைக் கடையில் ஒரு போன். அதை எடுக்க வந்தவள்தான் கோகிலவாணி. பாவாடை தாவணியில் வந்தாள். இப்போது தூவானம் பம்ப்ஸ் என்றால் தாராபுரம், பழனி வரைக்கும் தெரியும். மாடியில் பதினாலு பெண்கள் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், கோகிலவாணி அவர்களுக்கு மேனேஜர்.

புது சிஸ்டத்தில் யார் பேசுகிறார்கள், எத்தனை பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள், யார் காத்திருந்து வெறுத்துப்போய் வைத்துவிட்டார்கள், எல்லாம் என் மேஜைத் திரையிலேயே தெரிகிறது. வெறுத்து வைத்தவர்களுக்கு அபாண்டன்டு கால் என்று பேர். கைவிட்ட அழைப்பு. யார் யாரைக் கைவிட்டது என்று கேட்டேன். மாட்ட வந்தவருக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்திலும் மூன்று பட்டன். முதலாவது கேட்க மட்டும். இரண்டாவதை அழுத்தினால் நான் சொல்வது நம் பெண்ணின் காதில் மட்டும் விழும், கஸ்டமருக்குக் கேட்காது. மூன்றாவதை அழுத்தினால் நடுவில் புகுந்துவிடலாம், எல்லோருக்கும் கேட்கும். மூன்றும் பொடிப் பொடியாக, ஒட்டி ஒட்டி இருக்கின்றன. என் விரலுக்கு இது ஆகாது என்றேன். "பழகிருமுங்க சார்" என்றார் அவர்.

இத்தனை வருஷம் என் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து போய்ப் பின்னால் நின்றுதான் கேட்டேன். நான் நிற்கும்போது எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள்.

கோகிலவாணிக்கு இதில் பிடித்தது வேறு. கஸ்டமரை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றிவிடுவதில் இரண்டு வகையாம். ஒன்று, லைனைத் தள்ளிவிட்டுப் போய்விடுவது. கஸ்டமர் தன் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். இன்னொன்றுக்கு வார்ம் டிரான்ஸ்ஃபர் என்று பேர். மாற்றுகிறவள் லைனிலேயே நின்று, இன்னார், இன்ன பிரச்சினை என்று அடுத்தவருக்குச் சொல்லி, இரண்டு பேரையும் பேச வைத்துவிட்டு அப்புறம்தான் விலக வேண்டும்.

"கூட்டிட்டுப் போயி வாசல்ல நிறுத்தி, 'இவுங்க நம்ம சொந்தம்'னு சொல்லிட்டு வர்ற மாதிரிங்கண்ணா" என்றாள்.

பிப்ரவரி 12, திங்கள்

என் குரலைப் பதிவு செய்தார்கள். போன் செய்தவுடன் பேசுகிற இயந்திரக் குரல் இனி நான்தான். யோசனை என்னுடையது. வேனில் மைக் கட்டிக்கொண்டு நானே ஊர் ஊராகக் கூவி விற்ற சரக்கு. இந்த வட்டாரத்தில் என் குரல் கேட்காத கிணறு இல்லை. ஒரு சரக்கு நின்றுபோகப் போகிறது என்றால், நிற்பதற்கு முன்பு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் தொழில்.

எதற்கு இத்தனை அவசரம் என்று கோகிலவாணி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளிடம் மட்டும் சொன்னேன். வேலை நடக்க வேண்டுமே. ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்காகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன்.

மீட்டிங் ரூம் சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தார்கள். வணக்கம், புகாருக்கு ஒன்றை அழுத்தவும், இதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. எண்கள்தான் நேரம் எடுத்தன. உங்களுக்கு முன் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்வதற்கு இயந்திரம் அங்கங்கே வெட்டி ஒட்டிக்கொள்ளுமாம். அதனால் ஒன்று முதல் நூறு வரை தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

"உணர்ச்சி வேண்டாமுங்க சார்" என்றாள் பதிவு செய்ய வந்த பெண். "நீங்க சந்தோசமா 'ஏழு' சொல்லிட்டு, சோகமா 'பேர்'னு சொன்னா ஒட்டாது. ஒரே மட்டத்துல சொல்லுங்க. ஒண்ணுமே தோணாத மாதிரி."

சொன்னேன். நூறு வரை நிறுத்தாமல்.

"அந்த மட்டத்துக்கு வரவே நெறையப் பேருக்கு ஒரு மணி நேரம் ஆகுமுங்க. நீங்க மொதத் தடவையே வந்துட்டீங்க!" என்றாள்.

'மன்னிக்கவும்' மட்டும் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. மிரட்டுகிற மாதிரி இருக்கிறதாம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

வசந்தாமணி கூப்பிட்டாள்.

"ஏனுங்க, குரலு இன்னும் கரகரங்குது?"

"பனி."

"மாசி பொறந்துருச்சு, இன்னும் என்ன பனி? சுக்குத் தட்டிப் போட்டுக் காப்பி குடிங்க. சமையக்காரம்மா ஒழுங்கா வருதா?"

"வருது."

"சுகன்யாவுக்குக் கால் வீங்கிக் கெடக்குது. டாக்டரு இன்னும் ஒரு வாரங்கறாங்க."

"ம்."

"வேறென்ன?"

"வேறொண்ணுமில்ல."

"வெச்சரட்டுங்களா?"

"வெய்யி."

எங்கள் பேச்சு எப்போதும் இந்த நீளம்தான். எங்கள் சிஸ்டத்தில் இப்படிச் சுருக்கமாக முடிக்கிற பெண்ணுக்கு மாதக் கடைசியில் பரிசு கொடுக்கிறோம்.

பிப்ரவரி 16, வெள்ளி

காலையில் உட்கார்ந்து கேட்டேன். ஹரிப்பிரியா என்று புதிதாகச் சேர்ந்த பெண். காலேஜ் முடித்துவிட்டுத் திருப்பூரிலிருந்து வந்தவள். குண்டடம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா. மோட்டார் ஓடவில்லை.

"பில்லு யார் பேர்லீங்கம்மா இருக்குது?"

"எங்கூட்டுக்காரர் பேர்லதானுங்க."

"பேர் சொல்லுங்கம்மா."

"அதெப்படிங்க சாமி நான் சொல்றது?"

"பேர் சொன்னாத்தானுங்கம்மா கம்ப்யூட்டர்ல எடுக்க முடியும்."

"அவரு காட்டுக்குப் போயிட்டாருங்க. அந்தப் பழனி மலை மேல நிக்கறாரே, அவரு பேருதானுங்க."

"முருகனுங்களா?"

"இல்லீங்."

"தண்டபாணி?"

"அட இல்லீங் கண்ணு. கையில என்ன வெச்சிருக்காரு?"

"வேலுங்க."

"அதோட சாமியச் சேத்திக்க."

"வேலுச்சாமிங்களா!"

"நீதான் சொன்னே, நான் சொல்லல."

அவசரத்தில் ஹரிப்பிரியா மோட்டார் எத்தனை எச்.பி. என்று கேட்க மறந்துவிட்டாள். இரண்டாவது பட்டனை அழுத்தி அவள் காதில் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் திடுக்கிட்டு மேலே கூரையைப் பார்த்தது தெரிந்தது. சாமி பேசுகிறது என்று நினைத்துவிட்டாளோ என்னவோ.

வாக்கியத்தின் முடிவில் என் குரல் இப்போது காற்றாகிவிடுகிறது. பதிவை முன்னாலேயே எடுத்தது நல்லதாகப் போயிற்று.

பிப்ரவரி 19, திங்கள்

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். வசந்தாமணி போனைக் குழந்தையின் வாயருகே பிடித்தாள். அழுதது. நல்ல குரல்.

சொல்வதற்கு ஏற்ற நாள் இல்லை.

பிப்ரவரி 21, புதன்

என் குரலோடு சிஸ்டம் ஓடத் தொடங்கியது. முதல் நாளே ஒரு பெரியவர் நேரில் வந்து சண்டை.

"மொதலாளி போன எடுத்தாரு. நான் சொல்லச் சொல்லக் காதுலயே வாங்காம அவரு பாட்டுக்குப் பேசிட்டே இருக்காரு. ஒண்ண அழுத்து ரெண்ட அழுத்துங்கறாரு. எத்தன வருசப் பழக்கம், இப்படியா ஒருத்தர் மாறுவாரு?"

கோகிலவாணி அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்து விளக்கினாள். நான் உள்ளே இருந்தேன். வெளியே போகவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். ரத்தப் பரிசோதனைக்கு வரும்போது சம்மதக் கையெழுத்துப் போட வீட்டு ஆள் வேண்டுமாம். மேனேஜர் போட்டால் ஆகாதா என்றேன். ஆகாது, மனைவியோ மகளோ என்றார்கள்.

சரி, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். டிரைவரை இறக்கிவிட்டு, காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கூப்பிட்டேன்.

"இருங்க, கொழந்தைக்குத் தண்ணி வாத்துட்டு இருக்கறோம்" என்று வசந்தாமணி போனை எங்கோ வைத்துவிட்டாள். காத்திருந்தேன். தண்ணீர்ச் சத்தம், குழந்தையின் சத்தம், யாரோ சாம்பிராணி எங்கே என்று கேட்டார்கள். எங்கள் சிஸ்டத்தில் என்றால் நடுநடுவே 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று நானே சொல்லியிருப்பேன்.

வந்தாள். பேர் வைப்பதைப் பற்றிப் பேசினாள். சம்பந்தி வீட்டில் ஒரு பேர் சொல்கிறார்களாம், வாயில் நுழையவில்லையாம். வேறென்ன என்றாள். வேறொன்றுமில்லை என்றேன்.

பிப்ரவரி 24, சனி

கோகிலவாணியைக் கூப்பிட்டு, நீ சொல்லிவிடு என்றேன். அன்றைக்குச் சொன்னாயே, வார்ம் டிரான்ஸ்ஃபர், அது மாதிரி.

"இதுக்குப் பேரு வார்ம் டிரான்ஸ்ஃபர் இல்லீங்கண்ணா. தப்பிச்சு ஓடறது."

"நீ சொன்னா கோர்வையாச் சொல்லுவே. நான் சொன்னா மூணு வார்த்தைல முடிஞ்சுரும்."

"மூணு வார்த்தை போதாதுங்களா?"

"அவ அழுதா எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியாது கோகிலா. எனக்கு மோட்டார் விக்கத்தான் தெரியும்."

ஹெட்செட் வயரை விரலில் சுற்றினாள். பிறகு, "தெனமும் எத்தன பேருகிட்டத் திட்டு வாங்கறேன். ஆனா இப்படியொரு போன் காலு நான் எடுத்ததில்லீங்க" என்றாள்.

கடைசியில் ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. பேசும்போது நான் லைனில் இருக்க வேண்டும். அவள் விஷயத்தைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்வாள். விலகியதற்குப் பிறகு நான்தான் பேச வேண்டும். சரி என்றேன். முதலில் கேட்க மட்டும் செய்வேன், நீ சொல்லி முடித்து எனக்குச் சைகை காட்டினால் அப்புறம் பேசுகிறேன் என்றேன்.

பிப்ரவரி 26, திங்கள்

மதியம் பெண்கள் சாப்பிடப் போன நேரம். கோகிலவாணி வெளியே தன் இடத்தில் உட்கார்ந்து ஓசூருக்குப் போட்டாள். நான் என் அறையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவள் பெயருக்குப் பக்கத்தில் பட்டனை அழுத்தினேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"அக்கா, கோகிலவாணி பேசறேனுங்க."

"சொல்லு கண்ணு. என்ன ஆபீஸ் நம்பர்ல இருந்து? அவரு வெளியூரா?"

"இல்லீங்கக்கா. உக்காந்திருக்கீங்களா?"

"இப்பத்தான் உக்காந்தேன். சொல்லு."

சொன்னாள். நான் சொல்லியிருந்தால் கட்டி, ஆபரேஷன், மார்ச் ஆறு என்று முடிந்திருக்கும். அவள் நிறுத்தி நிறுத்தி, உயிருக்கு நல்லா இருக்குதுங்கக்கா என்பதை முதலில் சொல்லி, பிறகு குரலைச் சொன்னாள். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. யாரும் போய் அணைக்கவில்லை. மறுபடி அடித்தது.

"அவருக்கு எப்பொ இருந்து தெரியும்?"

"மாச மொத வாரத்துல இருந்துங்க."

"உனக்கு?"

"அப்பறம் ஒரு வாரங் கழிச்சுங்க."

"ம். நான் தெனமுங் கேட்டேன். பனின்னாரு."

கோகிலவாணி கையிலிருந்த பேனாவைத் திறந்து மூடினாள்.

"அவருக்குப் பயமா இருக்குதா?"

"தெரியலீங்கக்கா. எப்பவும் போல வேலை பாத்துட்டு இருக்காரு. ரேட்டு பேசறாரு. லோடு அனுப்பறாரு."

"அப்படின்னா பயந்துட்டாரு."

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன்.

எனக்கு நானே சொல்லிக்கொண்டது. மேஜையைப் பார்த்துச் சொன்னது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோகிலவாணி சடாரென்று என் பக்கம் திரும்பினாள். திரையைப் பார்த்தேன். நான் அழுத்தியிருந்தது மூன்றாவது பட்டன். ஆரம்பத்திலிருந்தே.

"ஏனுங்க?" என்றாள் வசந்தாமணி. "நீங்க அங்கதான் இருக்கீங்களா?"

"ஆமா."

"மொதல்ல இருந்தா?"

"மொதல்ல இருந்து."

கோகிலவாணியின் பெயர் திரையிலிருந்து மறைந்தது. லைனை விட்டுப் போய்விட்டாள். எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு அறைப் பக்கம் போனாள்.

"பயமில்லாதவரு, பொண்டாட்டிகிட்டச் சொல்றதுக்கு எதுக்கு ஆள் வெச்சீங்க?"

வியாபாரத்தில் இப்படி மாட்டிக்கொண்டால் விலையைக் குறைப்பேன். இங்கே குறைக்க ஒன்றும் கையில் இல்லை.

அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. எழுந்து போய் அடுப்பை அணைத்த சத்தம் கேட்டது. திரும்பி வந்தாள்.

"வெச்சுட்டீங்களா?"

"இல்ல."

"வெக்காதீங்க. பேசுங்க."

"என்ன பேசறது?"

"எதையாச்சும் பேசுங்க. இத்தன வருசமா வெய்யி வெய்யின்னே ஓட்டிட்டீங்க. இன்னும் எத்தன நாளைக்கு இருக்குது அந்தக் குரலு? பேசுங்க, நான் கேக்கறேன்."

ஒன்றும் தோன்றவில்லை. காப்பர் விலை ஏறியிருப்பதைச் சொன்னேன். ம் என்றாள். ராஜபாளையத்து டீலர் பழைய விலைக்கே சரக்கு கேட்கிறான் என்றேன். ம் என்றாள். குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன் என்றேன். "சொல்லுவீங்களே" என்றாள். பெண்கள் சாப்பிட்டுத் திரும்பி வந்து அவரவர் இடத்தில் உட்காரும் வரை பேசினேன்.

பிப்ரவரி 28, புதன்

காலை, மாலை கூப்பிடுகிறாள். எடுத்தவுடன் "பேசுங்க" என்கிறாள். வியாபார விஷயம் தீர்ந்துவிட்டது. முதல் மோட்டார் விற்ற கதையைச் சொன்னேன். அது வெள்ளிக்கிழமை இல்லை, சந்தை நாள் என்று திருத்தினாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்றேன். "அன்னைக்குத்தான் கருப்பட்டி வாங்கிட்டு வந்தீங்க" என்றாள். எனக்குக் கருப்பட்டி நினைவில்லை.

சுகன்யாவிடமும் சொல்லிவிட்டாள். சுகன்யா போனில் அழுதாள். அழுது முடிக்கும் வரை வைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 1, வெள்ளி

பேச ஒன்றும் இல்லை என்றேன். சரி, அப்படியே இருங்க என்றாள். லைனைத் திறந்தே வைத்துவிட்டு நான் கொட்டேஷன் பார்த்தேன், அவள் அங்கே துணி மடித்தாள். டாக்டரிடம், அதிகம் பேசினால் கெடுதலா என்று கேட்டேன். இனிமேல் கெடுவதற்கு என்ன இருக்கிறது, பேசுங்கள் என்றார். ஒளிக்காமல் பேசுகிற ஆள். பிடித்தது.

மார்ச் 3, ஞாயிறு

வசந்தாமணி வந்துவிட்டாள். குழந்தையைச் சம்பந்தியம்மா பார்த்துக்கொள்கிறார். வந்தவள் முதலில் சமையலறைக்குப் போனாள். ஃப்ரிட்ஜில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துக் கொட்டினாள். அதன் பிறகு என்னிடம் வந்து, சட்டைக் காலரை விலக்கி, கழுத்தைப் பார்த்தாள். வெளியே ஒன்றும் தெரியாது என்றேன். தெரியும் என்றாள்.

நேரில் இருக்கும்போது போனில் பேசிய அளவு பேச வரவில்லை. இரண்டு பேரும் டி.வி. பார்த்தோம்.

மார்ச் 5, செவ்வாய்

ஆஸ்பத்திரி. கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். நர்ஸுக்குப் பொறுமை இல்லை.

"சொல்ல வேண்டியது ஏதாச்சும் இருந்தாச் சொல்லிருங்க" என்றாள் வசந்தாமணி.

யோசித்தேன். குடோன் சாவி இரண்டாவது செட் எங்கே இருக்கிறது என்று சொன்னேன். டீலர்களில் யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று சொன்னேன். கோகிலவாணியை விட்டுவிடாதே என்றேன்.

"அதில்லீங்க" என்றாள்.

"வேற தெரியலம்மிணி."

"சரி, விடுங்க" என்று போர்வையை இழுத்துவிட்டாள்.

மார்ச் 11, திங்கள்

இன்றைக்குத்தான் பேனா பிடிக்க முடிகிறது. கழுத்தில் துளை. மூக்கில் குழாய், அது வழியாகத்தான் சாப்பாடு. கட்டியை முழுசாக எடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். வலி பரவாயில்லை. கழுத்தில் பாதி இடத்தில் தொட்டால் தெரியவில்லை. உணர்ச்சி திரும்ப மாதக்கணக்கில் ஆகும், சில இடத்தில் திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

ஆபரேஷன் அன்று காலை தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது, உள்ளே போகுமுன் பேர் கேட்டார்கள். சொன்னேன். பேசுவது அதுதான் கடைசி, நம் பேரோடு முடிகிறது, பரவாயில்லை என்று நினைத்தேன். அப்போது வசந்தாமணி வண்டியின் பக்கத்தில் வந்து, "போயிட்டு வாங்க" என்றாள். "வர்றேன்" என்றேன். அதுதான் கடைசி.

மார்ச் 12, செவ்வாய்

இருமல் வந்தால் துளை வழியாக வருகிறது. வசந்தாமணி துடைக்கிறாள். முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளத் தோன்றுகிறது.

மார்ச் 13, புதன்

காலை பத்து மணி வாக்கில் என் செல்போன் அடித்தது. கொமரலிங்கத்திலிருந்து நாட்ராயன். என்னிடம் மூன்று மோட்டார் வாங்கியவன். ஆபீசுக்குப் போட மாட்டான், நேராக எனக்குத்தான். போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன். வசந்தாமணி எடுத்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணா, வணக்கமுங்கண்ணா! மோட்டாரு உம்முனு உறுமுதுங்க, தண்ணி தூக்க மாட்டேங்குது. கத்திரி எல்லாம் வாடிட்டு இருக்குது."

"அவரு பக்கத்துலதான் இருக்காருங்க. நீங்க சொல்லுங்க, நான் கேட்டுச் சொல்றேன்."

"அக்காவுங்களா? அண்ணனுக்கு என்னாச்சுங்க?"

"தொண்டையில ஆபரேசன். உங்க மோட்டாருக்கு மொதல்ல பாக்கலாம். இருங்க."

என்னைப் பார்த்தாள். எழுதிக் காட்டக் கொடுத்திருந்த பலகை கைக்கு எட்டவில்லை. மூன்று விரலைக் காட்டினேன்.

"மூணுங்கறாரு."

"மூணு மோட்டாருமுங்களா? இல்லீங்க, கெணத்து மோட்டாரு ஒண்ணுதானுங்க."

தலையை ஆட்டினேன். மூன்று விரலைக் காட்டி அதில் ஒன்றை மடக்கினேன். வசந்தாமணி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணக் காட்டி ஒண்ண மடக்கறாரு. மூணுல ஒண்ணு இல்லீங்கறாரோ என்னமோ. இருங்க, மொறைக்கறாரு. இல்ல, இல்ல, ஆமாங்கறாரு."

"மூணு பேஸ் கரண்ட்ல ஒரு பேஸ் வரலீங்களா?"

கட்டிலில் ஓங்கித் தட்டினேன்.

"அதேதானுங்க" என்றாள். "கட்டலே ஆடிப்போச்சு."

"மொதல்ல மோட்டார நிறுத்தச் சொல்லுவாரு, நிறுத்திப் போட்டேனுங்க. பீஸ் கட்டையப் போயிப் பாக்கறேன். வெச்சராதீங்கக்கா, லைன்லயே இருங்க."

இருந்தோம். வரப்பில் அவன் நடக்கிற சத்தம். நாய் குரைத்தது. தகரக் கதவு திறந்தது. ஏதோ முணுமுணுத்துக்கொண்டே தேடினான். நர்ஸ் உள்ளே வந்து, போனைப் பார்த்துவிட்டு, எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மருந்து பாட்டிலை மாற்றினாள். கொஞ்ச நேரத்தில் ஸ்டார்ட்டர் டக்கென்று விழுந்தது. மோட்டார் எடுத்தது. சுதி சரியாக இருந்தது, அதை நான் எங்கே இருந்தாலும் சொல்வேன். தொட்டியில் தண்ணீர் விழுந்தது.

"வந்துருச்சுங்கண்ணா! பீஸ்தானுங்க போயிருந்துச்சு. அக்கா, அண்ணன்கிட்டக் குடுங்க, ஒரு வார்த்த சொல்லிக்கறேன்."

வசந்தாமணி ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுப் போனை என் காதில் வைத்தாள்.

"அண்ணா? நல்லா இருக்கீங்களாங்கண்ணா? அண்ணா?"

போனைத் தன் பக்கம் எடுத்தாள். "அவரு இனிமேப் பேச மாட்டாருங்க நாட்ராயா. ஆபரேசன்ல குரலெடுத்துட்டாங்க. ஆனா கேப்பாரு. நீங்க பேசுங்க."

அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் மட்டும். வைத்துவிடுவான் என்று நினைத்தேன். நானாக இருந்தால் வைத்திருப்பேன்.

அவள் மறுபடி போனை என் காதில் வைத்தாள். நாட்ராயன் தொண்டையைச் செருமினான். கத்திரிக்குப் போன வாரம் விலை இல்லை, இந்த வாரம் பரவாயில்லை என்றான். பெரிய பையன் தாராபுரத்தில் டிராக்டர் ஓட்டுகிறான் என்றான். தென்னையில் வண்டு விழுந்திருக்கிறது, என்ன மருந்து அடிப்பது என்று என்னையே கேட்டுவிட்டு, "சரி, அது நான் பாத்துக்கறேனுங்க, நீங்க ஒடம்பப் பாருங்க" என்றான். பிறகு மழையைப் பற்றிச் சொன்னான். பேச்சு நீண்டுகொண்டே போயிற்று.

வசந்தாமணிக்குக் கை வலித்திருக்க வேண்டும். வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிப் பிடித்தாள். போதும் என்று நான் சைகை காட்டுகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

காட்டவில்லை.